மகள் 'கோச்' ஆகப்போகிறேன் என்கிறாள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

உங்கள் மகளுக்கு 19 வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, கல்லூரி வலைப்பந்து அணியில் ஆடுகிறாள். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் பெண்கள் அணிக்குப் பயிற்சியும் கொடுத்து, அங்கேயே பாடமும் நடத்தி, முப்பத்தைந்து வருடம் கழித்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணியின் கதையைப் படித்துவிட்டு, "எனக்கும் இதுதான் வேணும்" என்கிறாள். சிங்கப்பூரில் இப்படி ஒரு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயா, கடைசி வரியில் "பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வந்தால்?" என்று நிறுத்தியிருப்பதையும் கவனித்தேன். ஆக நீங்கள் கேட்பது மூன்று: மாதாமாதம் சம்பளம் வருமா, நாற்பது வயதுக்கு மேலும் தாக்குப்பிடிக்குமா, குடும்பத்தோடு ஒத்துப்போகுமா. மூன்றுக்கும் சொல்கிறேன். நடுவில் நீங்கள் கேட்காத சிலவும் வரும். அவற்றை விட்டுவிட்டு இந்த வேலையைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

நான் உடற்கல்வி ஆசிரியை. 1989இல் உடற்கல்விக் கல்லூரியில் பயிற்சி முடித்தேன். 1984இல் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் 1991இல் கல்விக் கழகத்தோடு சேர்ந்து இன்றைய தேசியக் கல்விக் கழகம் ஆனது. பதினோரு வருடம் ஓர் உயர்நிலைப் பள்ளியில், பிறகு இருபத்தொரு வருடம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கான ஒரு தொடக்கக் கல்லூரியில். இரண்டிலும் பெண்கள் வலைப்பந்து அணி என் பொறுப்பு. 2021இல் ஓய்வு பெற்றேன். அரசாங்கப் பள்ளிகளையும் தொடக்கக் கல்லூரிகளையும் பற்றி நான் சொல்வது உள்ளே இருந்து பார்த்தது. பல்கலைக்கழக அணிகளைப் பற்றிச் சொல்வது, அங்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் என் பழைய மாணவிகள் சொல்லக் கேட்டது. இரண்டுக்கும் ஒரே எடை வைக்காதீர்கள்.

அமெரிக்கக் கதையிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் மகளின் கனவு அங்கிருந்துதான் வருகிறது. அங்கே 1972 ஜூன் 23இல் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையம் எதுவும் ஆண் பெண் பேதம் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முன்பு கல்லூரிப் பெண்கள் அணிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் உடற்கல்வித் துறை ஆசிரியைகளே. காலையில் வகுப்பு, மாலையில் அணி. தனிச் சம்பளம் கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான். பேட் சமிட் என்ற பெயரை உங்கள் மகள் கேள்விப்பட்டிருப்பாள். 1974இல், 22 வயதில், டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியை ஏற்றார். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடையை அவரே துவைத்தார், முதுகலைப் படிப்பையும் கூடவே முடித்தார். 38 பருவங்கள், 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அவர் அணியில் முழுக் காலமும் ஆடி முடித்த ஒவ்வொரு பெண்ணும் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே போனாள். பயிற்றுவிப்பாளரும் ஆசிரியரும் ஒரே ஆள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை.

கதையின் மறுபக்கத்தையும் அவளுக்குச் சொல்லுங்கள். சட்டம் வந்தபின் பெண்கள் அணிகளுக்குப் பணம் வந்தது. சம்பளம் கூடியதும் ஆண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள். 1972இல் அங்கே பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பெண் பயிற்றுவிப்பாளர்கள். பிற்காலத்தில் அது நாற்பத்துச் சொச்சமாக இறங்கிவிட்டது. ஆசிரியரும் அவரே பயிற்றுவிப்பாளரும் அவரே என்ற பழைய உருவம், விளையாட்டு உதவித்தொகை தராத சிறிய கல்லூரிகளில் இன்னும் ஓரளவு இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் பயிற்றுவிப்பு முழுநேரத் தொழிலாகி, வகுப்பறையிலிருந்து பிரிந்துவிட்டது. உங்கள் மகள் ஆசைப்படும் அந்தப் பதவி, அது பிறந்த நாட்டிலேயே சுருங்கிக்கொண்டு வருகிறது.

சிங்கப்பூரில் அப்படி ஒரு பதவி தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்ததில்லை. வேலை இருக்கிறது, ஆனால் அது இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு பாதி, கல்வி அமைச்சின் நிரந்தர ஊழியரான உடற்கல்வி ஆசிரியை. அவருக்கு மாதச் சம்பளம், மத்திய சேம நிதி, மருத்துவ விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் உண்டு. விளையாட்டு அணி போன்ற, வகுப்புக்கு வெளியே நடக்கும் இணைப்பாட நடவடிக்கைக்குப் 'பொறுப்பாசிரியர்' அவர்தான். மறு பாதி, வெளியிலிருந்து வரும் பயிற்றுவிப்பாளர். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். இரண்டையும் ஒருவரே செய்யத் தடை இல்லை. நான் செய்தேன், என்னைப் போல நிறையப் பேர் செய்தார்கள். ஆனால் அந்த இரண்டு பாதியையும் ஒட்டிக் கொடுக்க இங்கே யாரும் இல்லை, நாமேதான் ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் மகளிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்: முதலில் ஆசிரியை பாதியைப் பிடித்துக்கொள், அதன்மேல் நின்று பயிற்றுவிப்பாளர் ஆகு.

ஏன் அந்த வரிசை என்று கேட்டால், 2020ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 7ஆம் தேதி 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற கோவிட் முடக்கம் தொடங்கியது. இணைப்பாட நடவடிக்கைகள் நின்றன, தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் ரத்தாயின. எனக்குச் சம்பளம் வழக்கம்போல் வந்தது. என்னோடு பதினைந்து வருடம் அதே திடலில் நின்ற வெளிப் பயிற்றுவிப்பாளருக்கு ஒரே வாரத்தில் வருமானம் சுழியாகிவிட்டது. சுயதொழில் செய்வோருக்கு அரசாங்கம் மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கு, மூன்று தவணையாகக் கொடுத்தது. அது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன். ஆனாலும் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்கு வீடு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனாள். சைக்கிளில் எங்கள் புளோக்குக்கு ஒருநாள் வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்ணைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. "டீச்சர், திறந்த பிறகு கூப்பிடுங்க, மறந்துடாதீங்க" என்றாள்.

கொள்ளைநோய் இல்லாத காலத்திலும் அந்தப் பாதி ஆட்டம் காணக்கூடியது. பள்ளிகள் பயிற்றுவிப்பாளரை அரசாங்கக் கொள்முதல் தளமான ஜீபிஸ் வழியாக விலைப்புள்ளி கேட்டுத்தான் அமர்த்துகின்றன. ஒப்பந்தம் ஓராண்டு, இரண்டாண்டு. முடிந்ததும் மறுபடி போட்டி. தரத்தையும் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் விலை குறைந்தவரை விட்டுவிட்டு மற்றவரை எடுத்தால் அதற்கு நியாயம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்த வேலைக்கு எல்லா இடத்திலும் ஆள் துணிவதில்லை. நான்கு வருடம் உழைத்து ஓர் அணியைக் கட்டியெழுப்பிய பயிற்றுவிப்பாளர், மணிக்குச் சில வெள்ளி வித்தியாசத்தில் வெளியே போனதை நான் பணியாற்றிய இடத்திலேயே பார்த்தேன். மாணவிகள் பத்து நாள் யாரோடும் பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. சுயதொழிலில் முதலாளி போடும் சேம நிதிப் பங்கு கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவ் சந்தாவை நாமே கட்ட வேண்டும். ஜூனிலும் வருடக் கடைசியிலும் பள்ளி விடுமுறை, பயிற்சி குறையும், கையில் காசும் குறையும். பிப்ரவரியில் வரும் வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் கணக்குப் போட்டு ஏமாந்த இளம் பிள்ளைகள் பலர்.

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் தொடங்கிய சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியில் முழுநேரப் பயிற்றுவிப்பாளர்கள் இருக்கிறார்கள். தேசிய விளையாட்டுச் சங்கங்களிலும் ஒருசில முழுநேர இடங்கள் உண்டு. அவை கைவிரலில் எண்ணக்கூடியவை. பல்கலைக்கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி அணிகளுக்கு வரும் பயிற்றுவிப்பாளர்கள், என் மாணவிகள் சொல்வதைப் பார்த்தால், பெரும்பாலும் இதே மணிக்கணக்கு ஒப்பந்தக்காரர்கள்தான். அங்கே அமெரிக்கப் பாணியில் துறை ஆசிரியையே அணியையும் நடத்துவதாக ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

ஆசிரியை பாதிக்குப் போகும் வழி தெளிவானது. பட்டயப் படிப்போடு நிற்காமல் பட்டம் வரை போகட்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், தேசியக் கல்விக் கழகம் நடத்தும் விளையாட்டு அறிவியல், நிர்வாகப் பட்டப்படிப்பு இருக்கிறது. அது ஒரு வழி, அது மட்டுமே வழி அல்ல. பட்டத்துக்குப் பிறகு உடற்கல்விக்கான பட்டமேற்படிப்புப் பட்டயம். தேர்வாகிவிட்டால் அமைச்சே கட்டணம் கட்டும், படிக்கும்போதே சம்பளமும் வரும், பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும். அதற்கு முன்னால் உடல்திறன் சோதனை ஒன்று உண்டு, ஒரு பள்ளியில் சில காலம் நின்று பாடம் நடத்திப் பார்க்கவும் வேண்டும். இந்தக் கட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நல்ல ஆட்டக்காரிகள் சிலர் மூன்றாம் வாரத்திலேயே "டீச்சர், எனக்கு ஆடத்தான் பிடிக்குது, சொல்லிக் கொடுக்கப் பிடிக்கல" என்று புரிந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். அது தோல்வியே இல்லை. இருபத்து நான்கு வயதில் தெரிவது நாற்பதில் தெரிவதைவிட எவ்வளவோ மேல்.

மறு பாதிக்குத் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அதை நடத்துவது ஸ்போர்ட் சிங்கப்பூர். அடிப்படைப் பாடம், முதல் நிலைப் பயிற்றுவிப்புச் சான்றிதழின் கோட்பாடும் அந்தந்த விளையாட்டின் நுட்பமும், முதலுதவியும் இதய மீட்புக் கருவிப் பயிற்சியும், விளையாட்டு நெறி பற்றிய பாடம் என்று ஒன்றொன்றாக முடிக்க வேண்டும். பிறகும் தொடர்ந்து படித்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு அவள் பட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை, படிக்கும்போதே தொடங்கலாம். வலைப்பந்துக்கு நடுவர் சான்றிதழும் கூடவே எடுக்கச் சொல்லுங்கள். விசில் ஊதத் தெரிந்த பயிற்றுவிப்பாளருக்கு ஆட்டம் வேறு மாதிரித் தெரியும்.

தாக்குப்பிடிக்குமா என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். இங்கே பணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பது, ஆண்கள் அணிக்குக் கொடுப்பதைச் சற்றுக் குறைத்துக் கொடுப்பது அல்ல. அதைத் தெரிந்துகொள்ள எனக்கே ஏழெட்டு வருடம் பிடித்தது. முழங்காலை எடுத்துக்கொள்ளுங்கள். குதித்து இறங்கி, சட்டென்று திரும்பும் விளையாட்டுகளில் முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டிலிருந்து எட்டு மடங்கு வரை அதிகம் என்று ஆய்வுகள் பல விதமாகச் சொல்கின்றன. வலைப்பந்தில் பந்தோடு ஓடக் கூடாது. ஓடிவந்து, குதித்துப் பிடித்து, இறங்கிய காலிலேயே நின்றுவிட வேண்டும், மூன்று விநாடிக்குள் பந்து கையை விட்டுப் போக வேண்டும். முழங்காலுக்கு இதைவிடக் கடுமையான கட்டளை இருக்க முடியாது. 1996இல் என் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி, எதிரே யாருமே இல்லாத இடத்தில், பந்தைப் பிடித்து இறங்கினாள். ஈரக் குச்சி ஒடிவது போல ஒரு சத்தம், திடலின் மறுமுனைக்குக் கேட்டது. அவள் அழவில்லை. "கோச், கால் என்னோடது மாதிரி இல்ல" என்றாள். அதற்குப் பிறகு அவள் போட்டியில் ஆடவே இல்லை.

அன்றைக்கு எனக்குத் தெரியாதது இன்றைக்குத் தெரியும். இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்வது, கால் விறைத்து நிற்பது, தொடையின் பின்தசையும் இடுப்புத் தசையும் வலுவில்லாமல் இருப்பது, இவையெல்லாம் பயிற்சியால் மாற்றக்கூடியவை. ஒழுங்காகச் செய்யும் பதினைந்து, இருபது நிமிடச் சூடேற்றப் பயிற்சி, பெண்களிடம் இந்தக் காயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கிறது என்பது உறுதியாகியிருக்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் ஆபத்து அதிகம் என்பது இன்னும் தீராத விவாதம். அந்த நாளில் ஆடாதே, இந்த நாளில் ஓடாதே என்று யாராவது அட்டவணை போட்டுக் கொடுத்தால் நம்ப வேண்டாம். நான் கடைசிப் பதினைந்து வருடம் செய்தது இதுதான். பயிற்சி தொடங்கியதும் எல்லாரையும் வரிசையாக ஒரு பெஞ்சிலிருந்து குதிக்கச் சொல்வேன். நான் திரும்பி நின்றுகொள்வேன், பார்க்க மாட்டேன். காதால் மட்டும் கேட்பேன். 'தொப்' என்றால் மறுபடி; 'புஸ்' என்று பூனை இறங்குவது போல் இருந்தால் சரி. ஒரு மாதத்தில் பிள்ளைகள் தாங்களே ஒருவர் சத்தத்தை மற்றவர் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பதினைந்து வருடத்தில் என் அணியில் இந்தக் காயம் இரண்டு பேருக்குத்தான். அது என் பயிற்சியாலா, அதிர்ஷ்டத்தாலா என்று ஓர் அணியின் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அடுத்தது சாப்பாடு. தொடக்கக் கல்லூரிப் பிள்ளை காலை ஏழரைக்கு வருகிறாள், பாடம், செய்முறை, மாலை நான்கரைக்குத் திடல். நடுவில் உணவங்காடியில் ஒரு பாக்கெட் பழச்சாறோடு நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு, உடம்பு போட்டுவிடும் என்ற பயத்தில். செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும், நோய் அடிக்கடி வரும். இதற்கு 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு ஒரு பெயரே வைத்து, பயிற்றுவிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய நிலை என்று அறிவித்தது. மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை என்று ஒரு பதினேழு வயதுப் பெண் ஆண் பயிற்றுவிப்பாளரிடம் சொல்வாளா? சிலர் சொல்லலாம். என்னிடம் சொன்னார்கள். அதுவும் முதல் வருடத்தில் அல்ல. பயிற்சி முடிந்து சட்டைக்கு மேல் போடும் எழுத்துப் பட்டைகளை எண்ணி மடிக்கும்போது, யாராவது ஒருத்தி கடைசி வரை தங்கி உதவி செய்வாள். கை வேலையில் இருக்கும், கண் என்னைப் பார்க்காது, அப்போது மெல்லப் பேச்சு வரும். ஏழு பட்டை மடிக்க இரண்டு நிமிடம் போதும். நான் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வேன்.

நம் வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல உயரம், நல்ல கை உள்ள ஒரு தமிழ்ப் பிள்ளை ஒருநாள் வந்து விலகுகிறேன் என்றாள். காரணம் கேட்டால் படிப்பு என்றாள். வீட்டுக்குப் போனேன். ஈசூனில் நான்கறை வீடு. தேநீர் கொடுத்துவிட்டு அந்தத் தாய் சொன்னார்: "டீச்சர், வெயில்ல நின்னு நின்னு எப்படிக் கறுத்துப் போயிட்டா பாருங்க. நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்கிற பொண்ணு." எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. அந்தத் தாய்க்கும் அவருடைய தாய் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் என் கையை நீட்டிக் காட்டினேன். "நான் முப்பது வருஷமா வெயில்ல நிக்கிறேன்மா. எனக்கும் கல்யாணம் ஆச்சு, ரெண்டு பிள்ளை இருக்கு." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: பயிற்சிக்குப் பின் இரவு எட்டுக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை இரண்டு வருடமும் கோல் காப்பாளர் இடத்தில் ஆடினாள். உங்களுக்கு அப்படி எண்ணம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஐயா. ஆனால் உங்கள் மகள் இந்த வேலைக்கு வந்தால் இப்படிப்பட்ட வரவேற்பறைகளில் போய் உட்கார வேண்டியிருக்கும். தமிழ் பேசத் தெரிந்த, தானே வெயிலில் நின்று கறுத்த ஒரு பெண் போய் உட்காருவதற்கு ஒரு பலன் உண்டு. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குடும்பம் பற்றிய கேள்விக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். பயிற்சி நேரம் மாலை நான்கிலிருந்து ஏழு. நம் குழந்தையைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய நேரமும் அதுதான். பெண்கள் இந்தத் துறையைவிட்டுப் போவதற்கு ஆர்வம் குறைவதைக் காரணமாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் இந்த மூன்று மணி நேரம். உலகளவில் ரியோ 2016 ஒலிம்பிக்கில் பயிற்றுவிப்பாளர்களில் பெண்கள் 11 விழுக்காடு, டோக்கியோவில் 13 விழுக்காடு. ஆசிரியைக்கு 16 வாரப் பேறுகால விடுப்பு உண்டு, திரும்பி வந்தால் இடம் இருக்கும். ஒப்பந்தப் பயிற்றுவிப்பாளர் ஒரு பருவம் வராவிட்டால் அந்த அணி வேறு கைக்குப் போய்விடுகிறது. என் இரண்டாவது குழந்தை பிறந்தபின் ஒன்றரை வருடம் அணியை இன்னொரு ஆசிரியையிடம் கொடுத்தேன். பிறகு என் மாமியார் மாலையில் வந்து பார்த்துக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் நான் அணிக்குத் திரும்பியிருக்க மாட்டேன். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே பிற்பகல்தோறும் இடி மின்னல். அதே மாதங்களில்தான் தொடக்கக் கல்லூரிகளுக்கான எங்கள் 'ஏ' பிரிவுப் போட்டிகள். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் எல்லாரும் கூரைக்குள் போக வேண்டும். அரைமணி, ஒருமணி காத்திருந்து, மறுபடி ஆடி, வீட்டுக்கு வர இரவு ஒன்பது. அந்த இரண்டு மாதம் என் கணவர்தான் சமைத்தார். கல்யாணத்துக்கு முன்பே இதைப் பேசிவிட்டோம். உங்கள் மகளும் பேச வேண்டியிருக்கும்.

வலைப்பந்து ஆடுவது அவளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு. மற்ற விளையாட்டுகளில் பெண் பயிற்றுவிப்பாளர் அரிது, இதில் அப்படி இல்லை. 2011 ஜூலையில் உலகப் போட்டி சிங்கப்பூர் உள்ளரங்கில் நடந்தபோது என் பிள்ளைகளை அழைத்துப் போனேன். இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 58-57 என்று கூடுதல் நேரத்தில் வென்றது. பிள்ளைகள் ஆட்டக்காரிகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு பக்கப் பெஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தலைமைப் பயிற்றுவிப்பாளர்களும் பெண்கள், ஆஸ்திரேலியாவுக்கு நோர்மா பிளம்மர், நியூசிலாந்துக்கு ரூத் எய்ட்கன். பின்னர் அதே ரூத் எய்ட்கன் இங்கே வந்து நம் தேசிய அணியை ஏற்றார். 2012, 2014 ஆசிய வெற்றியாளர் பட்டங்களும், 2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கமும் அவர் காலத்தில் வந்தவை.

நம்மவர்களில் இந்த இரண்டு பாதியையும் ஒட்டி வாழ்ந்தவர்கள் யார் என்று கேட்டால், சி. குணாளனைச் சொல்வேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார், அந்தச் சாதனை 33 வருடம் நின்றது. அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர், பின்னர் உடற்கல்வி விரிவுரையாளரானவர். பெண்களில் குளோரி பர்னபாஸ், 1973இல் இங்கே நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வென்றவர், அவரும் ஆசிரியை. ஓட்டத்தின் புகழ் சில வருடம்தான், வகுப்பறை அவர்களுக்கு நெடுநாள் இருந்தது.

ஒரு கவலையையும் மறைக்க மாட்டேன். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவருகிறது. 2019இல் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காக இணைக்கப்பட்டன. எட்டு வலைப்பந்து அணிகள் இருந்த இடத்தில் நான்கு. உங்கள் மகள் பயிற்சி முடித்து வரும்போது அணிகள் இன்னும் குறையலாம். அதே சமயம் சமூக மன்றங்களிலும் தனியார் பயிற்சிக் கூடங்களிலும் சிறு பிள்ளைகளுக்கான வகுப்புகள் பெருகிவருகின்றன. இரண்டில் எது மேலோங்கும் என்பது என் கணிப்புக்கு உட்பட்டதல்ல. உடற்கல்வி ஆசிரியை இடம் மட்டும் பள்ளிகள் உள்ளவரை இருக்கும், ஏனென்றால் அது ஒவ்வொரு மாணவருக்கும் உரிய பாடம், அணியில் உள்ள பன்னிரண்டு பேருக்கு மட்டும் உரியது அல்ல. அவள் அந்த வித்தியாசத்தை விரும்புவாளா என்பதுதான் உண்மையான சோதனை. பந்தைப் பார்த்தாலே ஒதுங்கும் பிள்ளைக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, நன்றாக ஆடும் பிள்ளையை இன்னும் நன்றாக ஆடவைப்பதைவிடக் கடினமான வேலை.

அதைச் சோதித்துப் பார்க்க ஆறு மாதம் போதும். உங்கள் பேட்டையில் சனிக்கிழமை காலையில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரித்து, அங்கே உதவியாளராகப் போகச் சொல்லுங்கள். பணம் கேட்க வேண்டாம். பந்து எடுத்துக் கொடுக்கட்டும், பிள்ளைகளுக்குக் காலணிக் கயிறு கட்டிவிடட்டும். ஆறு மாதம் கழித்து, அணியிலேயே மோசமாக ஆடும் பிள்ளையின் பெயர் என்ன, அவளுக்குப் போன வாரம் எது புதிதாக வந்தது என்று நீங்கள் சாப்பாட்டு மேசையில் கேளுங்கள். நிறுத்தாமல் பத்து நிமிடம் பேசினாள் என்றால், தேசியக் கல்விக் கழக விண்ணப்பத்தை அன்றைக்கே எடுத்து வையுங்கள்.